பதிவெண்ணே பெயராகும்போது

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவருக்குக் கணினிக் கணக்கும் அதற்கொரு பயனர்பெயரும் வந்துவிடுகின்றன. வைஃபை, நூலகம், பாடத்தளம், தேர்வு வலைவாசல், மின்னஞ்சல் எல்லாம் அந்த ஒரு பெயரில்தான் திறக்கும். விடுதி அறை மாறும், வகுப்பு மாறும். இந்தப் பெயர் மாணவரோடு நான்கைந்து ஆண்டுகள் இருக்கும். ஆசிரியர் என்றால் ஓய்வுபெறும் வரை. இருந்தும், அதை எப்படி அமைப்பது என்று பெரும்பாலான நிறுவனங்கள் உட்கார்ந்து யோசிப்பதில்லை. சேர்க்கைப் பிரிவில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கிறது, அதையே போட்டுவிடுவோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த முடிவின் பலனைப் பின்னால் வரும் ஒவ்வொரு மாணவரும் அனுபவிக்கிறார்.

பயனர்பெயருக்குள் ஒருவரைப் பற்றிய செய்தி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கருத்து. துறை, சேர்ந்த ஆண்டு, கல்லூரி, குடும்பப் பெயர் என்று எதை அதற்குள் வைத்தாலும், அந்தச் செய்தி மாறும் நாளில் பெயர் பொய்யாகிவிடும். மாறாவிட்டாலும், யாருக்குத் தெரிய வேண்டாமோ அவருக்கும் தெரிந்துவிடும். அறுபது ஆண்டு அனுபவம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இந்தச் சிக்கல் பிறந்ததே பல்கலைக்கழகத்தில்தான். 1961-இல் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே கணினியில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்ய முடிந்ததால், யார் எவர் என்று கணினிக்குத் தெரிய வேண்டியதாயிற்று. ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் கொடுத்தார்கள். ஒன்று, அவர் எந்த ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு; மற்றது, நிரல் எழுதுபவர் என்ற முறையில் அவருக்கே உரியது. கணினி நேரம் மிகவும் விலை உயர்ந்ததாக இருந்த காலம். யார் கணக்கில் எத்தனை நிமிடம் எழுதுவது என்பதற்காகவே அந்த எண்கள். 1965-இல் டாம் வான் விளெக்கும் நோயல் மாரிசும் அதே அமைப்புக்கு ‘மெயில்’ என்ற கட்டளையை எழுதியபோது, ஒருவருக்குச் செய்தி அனுப்ப அவருடைய இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. செலவுக் கணக்குக்காக வந்த எண் அப்படியே மனிதர்களின் முகவரியாயிற்று. பி.டி.பி.-10 கணினிகளும் ‘திட்டம், நிரலாளர்’ என்ற இதே இரட்டை எண்ணைக் கொண்டிருந்தன. அந்தக் கணினிகளை வைத்துத் தொழில் தொடங்கிய கம்ப்யூசர்வ் நிறுவனம், பிற்பாடு வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தபோது, ஆய்வுத் திட்டம் என்று எதுவுமே இல்லாத சந்தாதாரர்களுக்கும் காற்புள்ளி வைத்த அந்த எண்களையே வழங்கியது. அலுவலகத் தேவைக்காக ஒரு நாள் போட்ட எண், தேவை தீர்ந்த பிறகும் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு இது முதல் சான்று.

யுனிக்ஸ் வேறு வழியில் போயிற்று. 1969-இல் பெல் ஆய்வகத்தில் அது தொடங்கியபோது பயன்படுத்தியவர்கள் ஒருசிலரே. கென் தாம்சன் வெறும் ‘கென்’. டென்னிஸ் ரிச்சி ‘டி.எம்.ஆர்.’, பிரையன் கெர்னிகன் ‘பி.டபிள்யூ.கே.’ விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம், மோதுவதற்கு ஆளில்லை. யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் கோப்பில் பெயருக்கு 8 எழுத்து இடம் ஒதுக்கினார்கள். அந்த எட்டு பல்லாண்டுக் காலம் உலகப் பல்கலைக்கழகங்களின் பயனர்பெயர்களைச் சுருக்கியது. பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்ற பழக்கமும் அங்கிருந்து வந்ததே. முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டினால், சிறிய எழுத்தே இல்லாத பழைய டெலிடைப்பில் இவர் உட்கார்ந்திருக்கிறார் போலும் என்று கணினி முடிவு செய்து, பதிலையும் பெரிய எழுத்திலேயே அனுப்பத் தொடங்கிவிடும்.

ஆனால் யுனிக்ஸ் செய்த உண்மையான நல்ல காரியம் வேறு. அதைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். யுனிக்ஸில் ஒரு கோப்பு யாருடையது என்று வட்டில் எழுதியிருக்கும் இடத்தில் பெயரே கிடையாது. 1042 என்பது போல ஓர் எண் மட்டும் இருக்கும். பயனர் எண் என்பது அதுதான். கோப்புகளின் பட்டியலைக் கேட்டால், கணினி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு தனியே இருக்கும் கடவுச்சொல் கோப்புக்குப் போய், 1042-க்கு நேரே என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரைத் திரையில் காட்டும். ‘குமார்’ என்ற பெயரை ‘குமரன்’ என்று மாற்ற வேண்டுமா? ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். அவருடைய பல்லாயிரம் கோப்புகளில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு ஓர் எண், மனிதருக்கு ஒரு பெயர் என்று அடையாளத்தை இரண்டு அடுக்காகப் பிரித்ததன் பயன் இது.

இதே ஏற்பாட்டில் ஓர் அபாயமும் உண்டு. குமரன் படிப்பை முடித்துப் போனதும் அவர் வரியை நீக்கிவிட்டு, காலியான 1042-ஐ அடுத்த ஆண்டு மாணவி ஒருவருக்குக் கொடுத்தால், வட்டில் ஏதோ ஒரு மூலையில் மிச்சமிருக்கும் குமரனின் கோப்புகளெல்லாம் அந்தக் கணமே அந்த மாணவியுடையவையாகிவிடும். யாரும் திருடவில்லை, எந்தப் பூட்டும் உடையவில்லை. எண்ணை மறுபடி பயன்படுத்தியது மட்டுமே தவறு.

பிறகு வந்த மென்பொருள்கள் இந்த இரண்டடுக்கை மறந்துபோயின. மின்னஞ்சல், நூலக மென்பொருள், பாடத்தளம், கட்டண வலைவாசல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது, அவற்றில் பல பயனர்பெயரையே மூலச் சாவியாக எழுதிவைத்துக்கொண்டன. ஓரிடத்தில் பெயரை மாற்றினால் மற்ற ஏழு இடங்களில் அந்த மனிதர் அந்நியராகிவிடுகிறார். இன்று பல கணினி மையங்கள் ‘பயனர்பெயரை மாற்ற இயலாது’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மாற்ற முடியாத ஒன்றை அமைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டாமா?

பெரிய பல்கலைக்கழகங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் மூன்று மரபுகள் தெரிகின்றன. எம்.ஐ.டி.யும் ஸ்டான்போர்டும் மாணவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. 3 முதல் 8 எழுத்து வரை, முதலில் வருபவருக்கு முதலில். கேம்பிரிட்ஜ், கார்னெல், கொலம்பியா ஆகியவை முன்னெழுத்துகளோடு ஒரு வரிசை எண்ணைச் சேர்க்கின்றன. கேம்பிரிட்ஜில் இதற்கு சி.ஆர்.எஸ்.ஐ.டி. என்று பெயர், உதாரணம் காட்டும்போது ‘எஸ்பிகியூஆர்1’ என்று எழுதுவது அங்கே வழக்கம். வர்ஜீனியா பல்கலைக்கழகம் முன்னெழுத்துகளுக்குப் பின் ஓர் இலக்கமும் அதன்பின் மீண்டும் எழுத்தும் வரும்படி அமைத்தது. மூன்றாவது மரபு ஆக்ஸ்போர்டுடையது: கல்லூரியையோ துறையையோ குறிக்கும் நான்கு எழுத்துகள், பிறகு நான்கு இலக்கங்கள்.

ஆக்ஸ்போர்டு முறை பார்க்க அழகாக இருக்கிறது. மோதலே வராது, கல்லூரிக்குப் பத்தாயிரம் பெயர்கள் கிடைக்கும். ஆனால் ஒரு கல்லூரியில் இளங்கலை முடித்துவிட்டு வேறொரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவரின் நெற்றியில் பழைய கல்லூரி ஒட்டியிருக்கும். மாற்றினால் பழைய தொடர்புகள் அறும். மாற்றாவிட்டால் பெயர் தவறான செய்தி சொல்லும். கேம்பிரிட்ஜ் முறையில் அந்தத் தொல்லை குறைவு. பெயரைப் பார்த்ததும் ஆளை ஓரளவு நினைவுகூரலாம்; அதற்குமேல் அது எதையும் சொல்லாது. மாணவர் பின்னாளில் அங்கேயே பேராசிரியரானாலும் அதே சரம் செல்லும்.

முன்னெழுத்து முறைக்குள்ளும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் முதற்பெயர் ஒன்று, நடுப்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்பதே அது. பல்கலைக்கழகங்களின் கணக்கு விவரங்களைத் தாங்கி நிற்கும் கோப்பக நெறிமுறையான எல்டாப், 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவானது. அதில் ‘மனிதர்’ என்ற பதிவுக்கு இரண்டு புலங்கள் கட்டாயம்: முழுப்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. குடும்பப் பெயர் இல்லாதவரை அந்த அமைப்பு மனிதராகப் பதிவு செய்துகொள்ளவே மறுத்துவிடும். தமிழர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இட்ட பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும்தான். ஆகவே தட்டச்சு செய்பவர் ஒரு புள்ளியையோ இனிஷியலையோ பெயரையே இரண்டாம் முறையோ போட்டு நிரப்பிவிடுகிறார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இட்ட பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்.என்.யு. ஏறிவிடும். அந்த விசாவை வைத்துப் பல்கலைக்கழகக் கணக்கைத் திறந்தால், பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மூன்றெழுத்து வந்து உட்காரும். இது சின்ன விஷயமல்ல. வகுப்புப் பட்டியலிலும் மின்னஞ்சலிலும் அப்படியே அழைக்கப்படும் மாணவர் அதை ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியே விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

முன்னெழுத்து முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் கணக்கு ஒத்துவராது. இனிஷியல் ஒன்று, பெயரின் முதலெழுத்து ஒன்று என்று வைத்தால் ஆங்கிலத்தில் 676 இணைகள்தான் கிடைக்கும். 20,000 பேர் படிக்கும் இடத்தில் சராசரியாக ஓர் இணைக்கு 30 பேர் வருவார்கள். ஆனால் தமிழ்ப் பெயர்கள் அப்படிச் சமமாகப் பரவி இருப்பதில்லை. எஸ், எம், கே, ஆர், பி என்ற எழுத்துகளில் கூட்டம் நெரியும், ‘எஸ்.எஸ்.’ என்பதன் கீழ் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள், ‘கியூ.எக்ஸ்.’ காலியாகக் கிடக்கும். முழுப்பெயரை வைத்தால் எழுத்துக்கூட்டல் சிக்கல் வேறு. செந்திலை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம். லட்சுமியை நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். மின்னஞ்சல் அனுப்புபவர் ஓரெழுத்து தவறினால் கடிதம் வேறொரு லட்சுமிக்குப் போய்ச் சேரும்.

இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒரே வெட்டில் தீர்ப்பதாகத் தோன்றுவதால்தான் இந்தியப் பல்கலைக்கழகங்கள் பதிவெண்ணைப் பிடித்துக்கொண்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவரின் ரோல் நம்பரே மின்னஞ்சல் பெயர். துறைக்கு இரண்டு எழுத்து, சேர்ந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம், பட்ட வகைக்கு ஓரெழுத்து, கடைசியில் மூன்று இலக்க வரிசை எண். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவருக்கு 12 இலக்க ரெஜிஸ்டர் நம்பர் உண்டு. முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு ஆண்டு, அடுத்த மூன்று பாடப்பிரிவு, கடைசி மூன்று வரிசை எண். 104 என்றால் கணினி அறிவியல், 106 என்றால் மின்னணுவியல் தகவல்தொடர்பு என்று தேர்வுப் பிரிவில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. இரண்டு பேருக்கு ஒரே எண் வராது. எழுத்துக்கூட்டல் தகராறு கிடையாது. லேப் ரெக்கார்டை வரிசையாக அடுக்கலாம். ஆயிரம் பேருக்குக் கணக்குத் திறக்க வேண்டிய கணினி மையத்தில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள் என்றால், ஒரு எக்செல் தாளை இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பேரின் நேரமும் மதிப்புள்ளதுதான். ஆனால் தேர்வுத் தாள் அடுக்குவதற்காக வகுத்த எண், ஒருவர் உலகத்துக்கு எழுதும் கடிதத்தின் முகவரியாகும்போது என்ன நடக்கிறது?

முதலாவது, அது பேசுகிறது. பல பொறியியல் கல்லூரிகளில் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களின் வரிசை எண் தனியாக 300-ஐத் தாண்டி ஓடும். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்ததுமே ‘லேட்டரலா?’ என்று கேட்டுவிடுவார்கள். பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு கைவேலை பழகி வந்த பையனோ பெண்ணோ அதைப் பெருமையாகச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அந்த முடிவு அவர்களுடையது. அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் முந்திக்கொண்டு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் சேர்ந்து அரியர் வைத்து ஓர் ஆண்டு பிந்தியவருக்கும் இதே கதைதான். எண்ணில் இருக்கும் ஆண்டு, அவர் வாய் திறப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, அது படிப்போடு செத்துப்போகிறது. இளங்கலையில் ஓர் எண், அதே வளாகத்தில் முதுகலைக்குச் சேர்ந்தால் இன்னோர் எண், ஆய்வுப் பட்டத்துக்கு மூன்றாவது. ஒரே மனிதர் கோப்பகத்தில் மூன்று ஆள்களாக நிற்கிறார். அவர் எழுதிய ஆய்வுத் தாளின் அடியில் தொடர்புக்கு என்று கொடுத்த மின்னஞ்சல், பட்டமளிப்பு விழா முடிந்து சில மாதங்களில் திரும்பி வருகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கென 2012-இல் தொடங்கிய ஆர்சிட் அடையாளத்தின் தேவை இங்கேதான் புரிகிறது. 16 இடம் கொண்ட அந்த எண்ணில் நாடும் இல்லை, நிறுவனமும் இல்லை, துறையும் இல்லை. கடைசி இடம், தட்டச்சில் பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் குறி. வேலை மாறினாலும் நாடு மாறினாலும் அது மாறாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. பதிவெண்ணை ஊகிக்கலாம். ஒருவரின் எண் தெரிந்தால் அந்த வகுப்பு முழுவதன் எண்களும் தெரிந்தமாதிரிதான். கடைசி மூன்று இலக்கத்தை 001-இலிருந்து ஓட்டினால் போதும். பெயர் தெரிந்தால் என்ன, கடவுச்சொல் வேண்டுமே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் பல உயர்கல்வி வலைவாசல்களில் முதல் கடவுச்சொல் பிறந்த தேதி. அதைப் பல மாணவர்கள் மாற்றுவதே இல்லை. சில வலைவாசல்களில் மாற்றவும் முடியாது. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். ஆக மொத்தம் 730 தேதிகள். ஒரே கணக்கில் ஐந்து முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தாலும் பயனில்லை. ஒரே தேதியை ஆயிரம் பேர் கணக்கிலும் ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்ப்பவருக்குச் சராசரியாக ஒன்றிரண்டு கதவுகள் திறந்துவிடும். பூட்டு எதுவும் விழாது. தொடர்வரிசைப் பெயரும் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லும் சேர்ந்தால் பாதுகாப்பு என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்திருக்கின்றன. அங்கே பல இடங்களில் சமூகப் பாதுகாப்பு எண்ணையே மாணவர் எண்ணாக வைத்திருந்தார்கள். 2003-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், அந்த எண்ணைக் கேட்கும் ஒரு வலைப்பக்கத்துக்குள் ஒரு நிரல் எண்களை அடுக்கடுக்காகப் போட்டுப் பார்த்தது. உண்மையான எண் விழும்போதெல்லாம் பக்கம் திறந்து விவரத்தைக் கொடுத்தது. ஏறத்தாழ 55,000 பேரின் பெயரும் எண்ணும் போயின. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அப்போது மாநிலத்தோடு தொடர்புடையவை. மீதியும் ஓர் ஒழுங்கில்தான் ஏறின. 2009-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ அக்விஸ்டியும் ரால்ஃப் கிராஸும், பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்தாலே அந்த எண்ணின் பெரும்பகுதியைக் கணிக்கலாம் என்று நிறுவிக் காட்டினார்கள். 1988-க்குப் பிறகு பிறந்தவர்களில் 44 சதவீதத்தினருக்கு முதல் ஐந்து இலக்கங்களை ஒரே முயற்சியில் சொல்ல முடிந்தது. 2011 ஜூனிலிருந்து அந்த எண்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒதுக்கத் தொடங்கினார்கள். நம் ஆதார் எண்ணும் தொடக்கத்திலிருந்தே ஊரையோ ஆண்டையோ சொல்லாத தற்போக்கு எண்ணாகத்தான் வடிவமைக்கப்பட்டது. எண்ணுக்குள் செய்தி வைப்பது ஆபத்து என்று அரசாங்கங்களே ஒப்புக்கொண்ட பிறகு, கல்லூரிகள் மட்டும் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

மறுபயன்பாட்டைப் பற்றி மேலே சொன்னேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையே கணக்குகளை ஒப்புக்கொள்ளும் கூட்டமைப்புகள் வந்த பிறகு அந்த அபாயம் வளாகச் சுவரைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் வழியாக நம் கல்லூரிக் கணக்கை வைத்தே வெளியாரின் ஆய்விதழ்களைத் திறக்கிறோம். எடுரோம் வழியாக வேறொரு வளாகத்தின் வைஃபையில் நுழைகிறோம். போன ஆண்டு ஒருவருக்கு இருந்த பெயரை இந்த ஆண்டு வேறொருவருக்குக் கொடுத்தால், எங்கோ இருக்கும் பதிப்பகத்தின் தளம் பழையவர் சேமித்த பட்டியலைப் புதியவருக்குத் திறந்து காட்டும். இதற்கான எடுபெர்சன் என்ற பொதுத் திட்டத்தில் முதலில் இருந்த பெயர்ப் புலம் மறுபயன்பாட்டைத் தடுக்கவில்லை. மறுபடி ஒருவருக்கும் கொடுக்கக் கூடாத தனி அடையாளம் என்று இன்னொரு புலத்தை 2013-இல் சேர்த்தார்கள். அதே ஆண்டில்தான் யாகூ நிறுவனம் நெடுநாள் தூங்கிய மின்னஞ்சல் பெயர்களை எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. பழைய உரிமையாளருக்கு வர வேண்டிய கடிதங்கள் புதியவர்களின் பெட்டியில் விழுந்தன.

மாணவரையே தேர்ந்தெடுக்க விட்டுவிடலாமே என்றால், அதற்கும் காவல் வேண்டும். போஸ்ட்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், வெப்மாஸ்டர், அப்யூஸ் என்ற பெயர்களைக் குறிப்பிட்ட பணிகளுக்கு ஒதுக்கிவைக்கும் இணைய விதி 1997-இலேயே வந்துவிட்டது. 2015-இல் பின்லாந்தில் ஒருவர் மைக்ரோசாஃப்டின் லைவ் மின்னஞ்சல் சேவையில் ‘ஹோஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயர் காலியாக இருப்பதைக் கண்டு பதிவு செய்தார். அந்த முகவரியை வைத்தே அந்தத் தளத்துக்குரிய பாதுகாப்புச் சான்றிதழையும் வாங்கிவிட்டார். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழைச் செல்லாததாக்க வேண்டி வந்தது. பல்கலைக்கழகத்தில் ‘பதிவாளர்’, ‘தேர்வு’, ‘துணைவேந்தர்’ என்ற பெயர்களில் ஒரு முதலாண்டு மாணவருக்குக் கணக்குக் கிடைத்தால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெயர் மாற்றம் தனியாகப் பேச வேண்டியது. திருமணத்துக்குப் பிறகு, மணமுறிவுக்குப் பிறகு, மதம் மாறிய பிறகு மக்கள் பெயரை மாற்றுகிறார்கள். திருநர் மாணவர்களுக்கு இது இன்னும் கூர்மையான தேவை. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பும் 2019 திருநர் சட்டமும் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றன. அந்தச் சட்டத்தின்படி சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிலும் மற்ற ஆவணங்களிலும் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். எல்லா ஆவணங்களிலும் போராடிப் பெயரை மாற்றிய ஒருவர், தினமும் காலையில் லேப்பில் உட்கார்ந்து, தான் விட்டுவிட்டு வந்த பெயரைத் தன் கையாலேயே தட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று ஒரு கணினி விதி கட்டாயப்படுத்துவது கொடுமை. பெயரிலிருந்து உருவாக்கிய பயனர்பெயரை மாற்ற முடியாது என்று வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதைத்தான் செய்கிறது.

தமிழ் எழுத்திலேயே பயனர்பெயர் வைக்கலாமா? ஆசை எனக்கும் உண்டு. பிற எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி அமைக்கும் தரங்கள் 2012-இல் வந்துவிட்டன. காட்டும் பெயர் தமிழில் இருப்பதற்கு இன்று எந்தத் தடையும் இல்லை, இருக்கவே வேண்டும். உள்நுழையும் பெயருக்கு மட்டும் தயங்குகிறேன். ‘ஸ்ரீ’ என்ற ஒரே வடிவத்தை யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிடலாம். ‘ஸ’வில் தொடங்கியும் அமைக்கலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கியும் அமைக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. ஔகாரக் குறியையும் ளகர எழுத்தையும் மாற்றித் தட்டுவதும் அப்படித்தான். ஸ்ரீதேவி ஒரு விசைப்பலகையில் தன் கணக்கைத் திறப்பார், இன்னொன்றில் ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று பதில் வரும்.

ஆகவே ஒரு பல்கலைக்கழகம் என்னைக் கேட்டால் நான் சொல்லக்கூடியது இதுதான். உள்நுழையும் பெயர் பொருளற்ற, குட்டையான, ஆயுளுக்கும் ஒன்றேயான சரமாக இருக்கட்டும். இரண்டு ஆங்கில மெய்யெழுத்துகள், நான்கு இலக்கங்கள் போதும். உயிரெழுத்துகளை விட்டுவிட்டால் தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமையும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். எல் என்ற எழுத்தையும் 0, 1 என்ற இலக்கங்களையும் விட்டால், அச்சிட்ட தாளைப் பார்த்துத் தட்டுபவர் ஒன்றை மற்றொன்றாக நினைக்க மாட்டார். மிஞ்சுவது 20 எழுத்து, 8 இலக்கம். 16 லட்சத்துக்கு மேல் பெயர்கள் கிடைக்கும். எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இலக்கத்தில் தொடங்கும் பெயரைப் பல நிரல்கள் பயனர் எண்ணோடு குழப்பிக்கொள்ளும். 2017-இல் லினக்ஸின் சிஸ்டம்டி, பூஜ்யத்தில் தொடங்கிய ஒரு பெயரைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, அந்தச் சேவையை முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கில் ஓடவிட்டது பெரிய சர்ச்சையாயிற்று. இந்தச் சரங்களை வரிசையாக ஒதுக்காமல் கலைத்துப் போட்டு ஒதுக்க வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியை இதிலிருந்து பிரித்துவிட வேண்டும். அது மாணவர் தேர்ந்தெடுப்பது. ஒதுக்கிய பெயர்களைத் தவிர எதையும் கேட்கலாம், தேவைப்பட்டால் மாற்றலாம், பழையது சில காலம் புதியதற்குக் கடிதங்களைத் திருப்பிவிடும். பதிவெண் தேர்வுப் பிரிவின் உள்வேலைக்கு அப்படியே இருக்கட்டும். ஹால் டிக்கெட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் அதற்கு நியாயமான இடம் உண்டு. ஆனால் அது ரகசியமும் அல்ல, சாவியும் அல்ல. பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகத் தரும் வழக்கத்தை அடுத்த சேர்க்கைக்கு முன்பே விட்டுவிட வேண்டும். சேர்க்கைக் கவுண்டரில் ஒருமுறை மட்டும் செல்லும் குறியீட்டை அச்சிட்டுக் கையில் கொடுப்பதற்குத் தனிச் செலவு என்று பெரிதாக எதுவுமில்லை.

ஏற்கெனவே பதிவெண்ணில் இயங்கும் கல்லூரி எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப் போட வேண்டியதில்லை. கோப்பகத்தில் ஒரு புதிய புலத்தைச் சேர்த்து, இப்போது படிப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொருளற்ற அடையாளம் ஒன்றைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவைக்கலாம். புதிதாக வாங்கும் மென்பொருள் எதுவானாலும் அந்தப் புலத்தைத்தான் சாவியாகக் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதலாம். அடுத்த ஆண்டு சேர்பவர்கள் அதைக் கொண்டே நுழைவார்கள். நான்கு ஆண்டுகளில் பழைய முறை தானாக வழக்கொழிந்துவிடும். ஒரு வேலை மட்டும் முடியவே முடியாது. படித்து முடித்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இறந்துபோனவர்கள் ஆகியோரின் அடையாளங்களைத் தனிப் பட்டியலாக என்றென்றும் வைத்திருக்க வேண்டும். சர்வரை மாற்றும்போதும் மென்பொருள் நிறுவனத்தை மாற்றும்போதும் அந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். புதிய கணக்கு ஒன்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நிரல் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.